மாவட்டம் என்ற கட்டத்தில் நான் எழுதியது

வாணி, குமார், இதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அம்மாவுக்கு அப்புறம் நீங்களே படித்துக் காட்டுங்கள். சிங்கப்பூர், துபாய் என்று போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போன தூரம் திருவள்ளூர் வரைக்கும்தான். மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அந்த ஐந்து நாளும் நான் ஏதோ அந்நிய தேசத்தில், தப்பான பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரிதான் இருந்தேன். பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது. குமாரின் போன வருடக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் வாணி திருத்தட்டும்.

முதலில் நம் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேனாம்பேடு என்பது அம்பத்தூரில் ஒரு மூலை. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் எனக்கு வேலை கிடைத்து வந்தவாசிப் பக்கத்திலிருந்து நான் வந்தபோது, எண்பது பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடியில் ஓடுகிறதே சாக்கடை, அது அப்போது பாசன வாய்க்கால். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் பேச முடியாது. மனை காட்டிய புரோக்கர் அந்த வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தண்ணி வருமா, ரோடு வருமான்னு கேக்காத நைனா. லெட்டர்ல மெட்ராஸ்-53ன்னு வரும். அது போதாதா உனுக்கு?"

எனக்குப் போதும் என்றுதான் தோன்றியது. ஊருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் விலாசத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுவேன். உங்கள் பெரியப்பா அதை டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால் சத்தமாக வாசிப்பாராம். உங்கள் காதுகுத்துப் பத்திரிகை, கிரகப்பிரவேசப் பத்திரிகை, வாசல் சுவரில் சிமெண்டில் பதித்த எழுத்து எல்லாவற்றிலும் அந்த ஐம்பத்து மூன்று உண்டு. நான் மட்டும் இல்லை, நம் தெருவே இப்படித்தான் எழுதும். மெட்ராஸ் சென்னை ஆனபோது சுவரில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொத்தி எடுத்துவிட்டுச் சென்னை என்று பதித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் தபாலுக்குத்தான் நாம் சென்னை. ஓட்டுப் போடுவதற்கு வில்லிவாக்கம் தொகுதி. கோர்ட்டு கேஸ் என்றால் பூந்தமல்லி. டெலிபோன் எண் பட்டணத்து எண். நிலத்துக்கும் சாதிச் சான்றுக்கும் செங்கல்பட்டு மாவட்டம். ஒரே ஆளின் தலையை ஒரு வீட்டிலும் கையை ஒரு வீட்டிலும் காலை ஒரு வீட்டிலும் விட்டு வைத்த மாதிரி. இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தையும் ரெண்டாகப் பிரித்து நம்மைத் திருவள்ளூர் பக்கம் சேர்த்தார்கள். பேப்பரில் வந்தது, நானும் படித்தேன். அது யாருக்கோ நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வாணி, நீ ஆறாவது படிக்கும்போதே சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதிக் குமாருக்குப் பாடம் எடுத்தவள். டீச்சர் ஆகவேண்டும் என்பதைத் தவிர நீ வேறு எதுவும் கேட்டதில்லை. ப்ளஸ் டூவில் மார்க்கும் வாங்கிக் காட்டினாய். அரசு ஆசிரியர் பயிற்சியில் மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று கணக்கு. ஒருவர் ஒரு மாவட்டத்துக்குத்தான் போடலாம். தனியாரிடம் சேர்க்க நம்மால் ஆகாது. ஆக, அந்த ஒரு விண்ணப்பம்தான்.

எந்த ஃபாரமாக இருந்தாலும் முதலில் பென்சிலால் நீ நிரப்புவாய், அப்புறம் பேனாவால் நான் எழுதுவேன். அது நம் வீட்டு வழக்கம். கம்பெனியில் ஜாப் கார்டு எழுதிப் பழகிய கை என்று எனக்கு ஒரு பெருமை. மாவட்டம் என்ற கட்டத்தில் நீ பென்சிலால் "திருவள்ளூர்" என்று எழுதியிருந்தாய். நான் சிரித்தேன். வாசலில் சென்னை-53 என்று பதித்து வைத்துவிட்டு இது என்ன என்று கேட்டேன். பிரித்துவிட்டார்கள், மிஸ் சொன்னார்கள் என்றாய். அதெல்லாம் கிராமத்துக்காரர்களுக்கு என்று சொல்லி, குமாரின் ரப்பரை வாங்கி அழித்து, பேனாவால் "சென்னை" என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

திங்கட்கிழமை நீயும் நானும் சான்றிதழ் சரிபார்க்கப் பட்டணம் போனோம். ரயிலில் ஏறும்போதே உன் செருப்பு வார் அறுந்துவிட்டது. உன் தாவணி ஊக்கைக் கழற்றி நான் அதில் குத்திக் கொடுத்தேன். காலைத் தரையில் தேய்த்தபடியே நடந்து வந்தாய். அந்தப் பயிற்சிப் பள்ளி மரங்களோடு நன்றாகத்தான் இருந்தது. ஒரு வகுப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு ரொம்ப பெருசுப்பா" என்றாய்.

மேஜையில் இருந்த அம்மாள் உன் சாதிச் சான்றைக் கையில் எடுத்தார். சீலைப் பார்த்தார். அப்புறம் நான் எழுதிய ஃபாரத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. பாவப்பட்ட மாதிரிதான் பேசினார்.

"இது செங்கல்பட்டு மாவட்டத்து சீலுங்க. இப்ப திருவள்ளூர். இங்க சென்னை மாவட்டம் மட்டும்தான். நீங்க அங்க போட்டிருக்கணும்."

அம்பத்தூர் சென்னைதான் என்றேன். சென்னை-53 என்றேன். ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். அது தபால்காரருக்கு எழுதுகிற விலாசம், மாவட்டம் இல்லை என்றார். பின்னால் நின்ற பெண்ணின் அப்பா, கொஞ்சம் நகர்ந்தால் மற்றவர்கள் பார்க்கலாம் என்றார். அவர் அயனாவரமாம். நம் வீட்டிலிருந்து எத்தனை மைல்? அவர் மகள் உள்ளே போனாள்.

சென்ட்ரலுக்கு எதிரே வண்டிக்கடையில் தக்காளி சாதம் வாங்கினேன். நீ பாதிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாய். வழி நெடுக நான் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். வில்லிவாக்கம் தாண்டும்போது, "விடுங்கப்பா" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான். கட்டத்தில் எழுதியது யார் என்று நீ சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாலு நாள் நான் செய்ததை ஒருவேளை செய்திருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகத் திருவள்ளூர் கிளம்பினேன். இருபது வருடமாக அம்பத்தூர் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் போகிற வண்டியில்தான் ஏறியிருக்கிறேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றபோது ஊரே புதுசாகத் தெரிந்தது.

ஆவடியில் கூட்டம் இறங்கி, கூட்டம் ஏறியது. டாங்கித் தொழிற்சாலை க்வார்ட்டர்ஸ் பெண்கள் ரெண்டு பேர் காய்கறிப் பையோடு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தர் பேச்சு மதுரைப் பக்கம், இன்னொருத்தர் பேச்சு நாகர்கோவில் பக்கம். மதுரைக்காரர் கேட்டார், இந்த ஊர் இப்போது எந்த மாவட்டம் என்று. "எதா இருந்தா நமக்கு என்ன மக்கா? நம்ம ஊரு ஃபேக்டரி கேட்டுக்குள்ளல்லா இருக்கு" என்றார் மற்றவர். ரெண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களுக்கு ஃபேக்டரி கேட்டும் காம்பவுண்டும் இருக்கிறது. அதற்கு உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது.

நெமிலிச்சேரியில் வண்டி நின்றுவிட்டது. மேலே மின்சாரக் கம்பியில் கோளாறாம். அரை மணி என்றார்கள், ஒன்றரை மணி ஆயிற்று. இறங்கி வேலி ஓரம் நின்றேன். ஒருத்தர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். வாங்கிச் சாப்பிட்டேன். சுற்றிலும் வயல், பனை, தூரத்தில் ஏரிக்கரை. நான் மனை வாங்கிய வருடத்து மேனாம்பேடு அப்படியே நின்றது. இந்த மேற்குப் பக்கம் முழுக்க ஏரிக் காடுதான், பிள்ளைகளே. ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். அந்தக் காலத்தில் ஊர் எல்லை போட்டவர்கள் அந்த வாய்க்காலைப் பார்த்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். எந்த ஏரித் தண்ணீர் பாய்கிறதோ அந்த ஊர். பின்னால் வந்தவர்கள் வாய்க்காலை மூடிவிட்டோம். கோடு மட்டும் காகிதத்தில் இருக்கிறது.

திருவள்ளூர் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம். புதுசாக வந்த மாவட்டம் என்பதால் பல கட்டடங்களில் பெயர்ப் பலகை ஈரம் காயாத மாதிரி மின்னியது. ஒன்றில் பழைய பெயர் அடியில் நிழலாகத் தெரிந்தது. நான் பார்க்க வேண்டிய எழுத்தர் தடித்த கண்ணாடி போட்ட வயசானவர். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே என் கதையைக் கேட்டார். விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது என்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இருப்பிடச் சான்று, தப்பு எப்படி நடந்துச்சின்னு ஒரு அஃபிடவிட், மனு. இந்த மூணையும் வெள்ளிக்கிழம மத்தியானத்துக்குள்ள எடுத்துகினு வாங்க. பொண்ணையும் கூட்டிகினு வாங்க. மேலுக்கு அனுப்பறேன். நடக்கும்னு நான் சொல்லல."

அவர் நடக்கும் என்று சொல்லவில்லைதான். எனக்கு மட்டும் அப்படிக் கேட்டது. திரும்பும்போது ரயில் வாசலில் நின்றுகொண்டே வந்தேன்.

புதன்கிழமை கிராம நிர்வாக அலுவலரைத் தேடினேன். நாம் நகராட்சியில் இருக்கிறோம், நமக்கு எதற்குக் கிராம நிர்வாகம் என்றுதான் நினைத்திருந்தேன். நிலக் கணக்கில் நாம் இன்னும் கிராமம்தான். அவர் அறையில் இல்லை. அயப்பாக்கத்தில் யாருடைய நிலத்தையோ அளக்கப் போயிருக்கிறார் என்றார்கள். சைக்கிளை மிதித்துப் போனேன். வேப்பமரத்தடியில் சங்கிலியை விரித்துப் போட்டுவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், அத்தாட்சி என்ன என்று கேட்டார்.

நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அம்மா ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிற டப்பா. எல்லாம் ஒரே வீட்டு வரி ரசீதுகள். பழையதில் தலைப்பு நகரியம், புதியதில் நகராட்சி. கதவு எண் ரெண்டு முறை மாறியிருந்தது. தெருவுக்கு முதலில் பெயரே இல்லை, வார்டும் மனை எண்ணும்தான். அப்புறம் ஒரு பெயர், அப்புறம் வேறொரு பெயர். அலுவலர் அவற்றைப் புல்லின் மேல் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே கல் வைத்துப் பார்த்தார்.

"வூடு மட்டும் தாங்க அப்டியே கீது" என்றார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேனாம்பேடு கிராமம், திருவள்ளூர் மாவட்டம். அந்த ரெண்டு வார்த்தையையும் சேர்த்து ஒரு காகிதத்தில் நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். இதற்குள் மாலை நாலு மணி. காலையிலிருந்து குடித்த ஒரு டம்ளர் மோரோடு தாலுகா அலுவலகத்துக்கு ஓடி, மேல் கையெழுத்தும் வாங்கினேன். அங்கே ஒருவரும் என்னை அலைக்கழிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பூந்தமல்லி. அஃபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரம் எழுதக் கோர்ட்டு வாசலுக்குப் போனால்தான் சரியாக இருக்கும் என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னார்கள். ஆவடியில் பஸ் ஏறினேன். பருத்திப்பட்டு தாண்டி டயர் வெடித்தது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார்.

"பின்னாடி வண்டி வரும். எப்ப வரும்னு மட்டும் என்னாண்ட கேக்காதீங்கோ."

நடந்தேன். கூவம் பாலம் வந்தது. பட்டணத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோமே, அதே கூவம்தான். இங்கே மணல் தெரிகிறது. கோரைப்புல், நாலைந்து கொக்கு. ஒருத்தர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். சென்னை என்ற பெயருக்குள் போவதற்கு முன்னால் இது நல்ல ஆறாகத்தான் இருக்கிறது.

பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டி, டைப்ரைட்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் கரீம் பாய். மனு எழுதுகிறவர். பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவராம். நான் வெயிலில் நடந்து வந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தன் டிபன் கேரியரைத் திறந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன். மனு எழுத வருகிற ஒவ்வொருத்தரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்றார். சாப்பிட்டேன். நம் வீட்டில் அம்மா சர்க்கரை போட்டுத் தருவாள். அவர்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் ஏலக்காய் மணமாக இருந்தது.

மாவட்டம் மாறிய கதையைச் சொன்னதும் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. அவருடைய அப்பா காலத்தில் இந்தப் பக்கம் எல்லாமே சைதாப்பேட்டைத் தாலுகாவாம். நிலத் தகராறு என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்களாம். "அப்பால பிரிச்சான். பிரிச்சத மறுக்கா பிரிச்சான். நான் தோ இந்த மேஜய ஒரு அடி நவுத்தல அண்ணாத்தே. எத்தினி தாலுக்கா, எத்தினி மாவட்டம் பாத்துட்டேன் தெரியுமா? கவர்மெண்டு செலவுல ஊர் சுத்துறவன் நான் ஒருத்தன்தான்."

நான் சிரித்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். பாய் காகிதத்தைச் செருகினார். பெயர், தகப்பன் பெயர், விலாசம் எல்லாம் அடித்தார். அப்புறம் விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஃபாரத்துல சென்னைன்னு எய்துனது யாரு? பொண்ணா, நீயா?"

"நான்தான்" என்றேன்.

"அத்த இதுல சொல்லாத. நைனா எய்துனான்னா, படிச்ச பொண்ணு கையில குடுக்காத நீ ஏன் எய்துனேன்னு கேப்பான். பொண்ணு எய்திச்சின்னா, சின்னப் பொண்ணு, தெரியாத எய்திடுச்சி, பாவம்னு உடுவான். இந்த மேரி நெறிய பாத்துகீறேன். இன்னா சொல்ற, அப்டியே அடிக்கட்டா?"

பாய் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உனக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நான் மேஜையில் இருந்த உன் மார்க் ஷீட்டைப் பார்த்தேன். அடிங்க பாய் என்றேன்.

அவர் அடித்தது எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. "மேற்படி விண்ணப்பத்தில் மாவட்டம் என்ற கட்டத்தில் என் மகள் அறியாமையால் சென்னை என்று தவறாக எழுதிவிட்டாள் என்பதைச் சத்தியப் பிரமாணமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்." அவர் கொடுத்த இடியாப்பத்தைச் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். நோட்டரி வக்கீல் முத்திரை குத்தினார். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் உங்களிடம் சொன்னேன். அம்மா பாயசம் வைத்தாள். பத்திரத்தை யாருக்கும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வாணியும் நானும். காலை வண்டி, உட்கார இடம் கிடைத்தது. அண்ணனூரைத் தாண்டியதும் வாணி உறையிலிருந்து காகிதங்களை எடுத்து வரிசைப்படுத்த ஆரம்பித்தாள். வேண்டாம், கசங்கிவிடும் என்றேன். அதற்குள் எடுத்துவிட்டாள். வாணி, நீ அதை எப்படிப் படித்தாய் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். ஒரு முறை படித்தாய். மேலே போய் மறுபடியும் ஒரு முறை படித்தாய். பட்டாபிராம் வந்தது. மடிப்பு மாறாமல் மடித்து உறையில் வைத்தாய்.

"நான் திருவள்ளூர்னுதானேப்பா எழுதியிருந்தேன்" என்றாய்.

அப்படி எழுதினால்தான் இரக்கப்படுவார்களாம் என்றேன். தலையை ஆட்டினாய். உன் முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் விடை ஏன் வரவில்லை என்று பார்க்கும்போது உனக்கு ஒரு முகம் வருமே, அது இருந்தது.

கண்ணாடி போட்ட அந்த எழுத்தர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. இருப்பிடச் சான்றைப் பார்த்தார். பிரமாணப் பத்திரத்தை எடுத்து முழுசாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ப்ளஸ் டூ படிச்சிகீற. சொந்த மாவட்டம் எதுன்னு தெரியாதா உனுக்கு? நாளைக்கி நீ போயி பசங்களுக்கு இன்னாத்த சொல்லிக்குடுக்கப் போற?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். கண்ணாடிக்காரரும் கேலியாகத்தான் கேட்டார், குத்திக் காட்டுவதற்காக இல்லை. அந்த இடத்தில் நான் வாய் திறக்க வேண்டும். கையில் இருந்த உறையின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்றேன். நான் எழுதியது என்று சொன்னால் சத்தியம் பண்ணியது பொய் என்று ஆகிவிடும், மனுவைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அப்படிப் பயந்தேன் என்றுதான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வாணி என்னைப் பார்க்கவே இல்லை. "தெரியாம எழுதிட்டேன் சார்" என்றாள்.

அவர் மனுவில் சீல் வைத்து, எண் போட்டார். அப்புறம்தான் சொன்னார். நேற்று சாயங்காலமே மேலிடத்திலிருந்து பட்டியல் வந்துவிட்டதாம். எல்லா இடமும் நிரம்பிவிட்டதாம். மனுவை அனுப்புவாராம், ஆனால் இந்த வருடத்துக்குப் பிரயோஜனம் இல்லையாம். நாங்கள் இத்தனை தூரம் வந்ததால் சீலாவது இருக்கட்டும் என்று வைத்தாராம். உண்மையாகவே வருத்தப்பட்டார். வாணியிடம் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்.

பட்டியல் வெளியே சுவரில் ஒட்டியிருந்தது. விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். உன்னைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்கள் பெயர் எத்தனையோ இருந்தது. அவர்கள் அப்பா யாரும் ரப்பரை எடுக்கவில்லை. ஆவடிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். அம்பத்தூரே என்று போட்டு ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்கும் சென்னை-53 என்றுதான் தபால் வரும்.

திரும்பும்போது வண்டியில் கூட்டம். நின்றுகொண்டு வந்தோம். நெமிலிச்சேரியில் கொஞ்சம் இடம் கிடைத்ததும் உன்னை உட்கார வைத்தேன். நீ நகர்ந்து எனக்கும் இடம் விட்டாய். "அடுத்த வருஷம் நானே பேனாவுல எழுதறேன்ப்பா" என்றாய். சிரிப்பு மாதிரி ஒன்று உன் உதட்டில் இருந்தது. அடுத்த வருடம் என்று நீ சொன்னதை நீயே நம்பினாயா என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் அம்மா கேட்டபோது, "கவர்மெண்ட் பிரிச்ச பிரிப்பு, நம்ம பொண்ணு தலையில விழுந்துச்சி" என்றேன். அம்மா அரசாங்கத்தைத் திட்டி அழுதாள். நீ உள்ளே போய்க் குமாரின் நோட்டுக்கு அட்டை போட ஆரம்பித்தாய். இப்போது நீ எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறாய். சட்டைக்குப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு வருடத்துக்கு மட்டும் என்கிறாய். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று நம் தெருவிலிருந்து போன பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திகூடத் திரும்பிப் படிக்க வந்து நான் பார்த்ததில்லை. காலையில் நீயும் நானும் ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸ் எடுக்கிறோம். அந்த நேரத்தில் எனக்கு உன்னை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

குமார், உனக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஊர் மேனாம்பேடு கிராமம், திருவள்ளூர் மாவட்டம். நாளைக்கே மறுபடியும் மாற்றினாலும் மாற்றுவார்கள். மாற்றினால் அக்காவைக் கேள். என்னைக் கேட்காதே.

திருவள்ளூர் போய் வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேனே, அப்போது நடந்தது உங்களுக்குத் தெரியாது. முந்தின நாளே ஒரு போஸ்ட் கார்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். செல்வி கலைவாணி என்று வாணியின் முழுப் பெயரில் ஆரம்பித்து, கதவு எண், தெரு, மேனாம்பேடு கிராமம், அம்பத்தூர், திருவள்ளூர் மாவட்டம். இந்த இருபது வருடத்தில் நம் வீட்டுக்கு நான் அப்படி விலாசம் எழுதியதில்லை. பேனா ரெண்டு இடத்தில் தயங்கியது. மறுபக்கம் எழுத நிறைய இருந்தது. எழுதியது ஒரு வரி: "நீ பென்சிலால் எழுதியதுதான் சரி, அழித்தது அப்பா."

பின்கோடு எழுத அதில் ஆறு கட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஐம்பத்து மூன்று இல்லாமல் கார்டு வீடு வந்து சேருமா என்று எனக்குத் தெரியவில்லை; இன்று வரை வரவில்லை. கை வழக்கம்போல ஆறு, பூஜ்ஜியம் என்று எழுதப் போனது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, ஆறு கட்டத்தையும் அப்படியே காலியாக விட்டு, கார்டைத் தபால் பெட்டியில் போட்டேன்.